சம்மதம் என்று தெளிவாகச் சொல்லவும்

திங்கட்கிழமை காலை, திருமணப் பதிவு அலுவலகத்தில், ஒரே ஒரு சொல் சரியாக வெளியே வராததால் ஒரு கல்யாணம் நின்றுபோனது.

மணமகன் ரயில் நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். எழுபதைத் தாண்டிவிட்டார். மணமகள் அதே நிலையத்தில் டிக்கெட் கொடுத்தவர். இருவரும் துணையை இழந்து வெகுகாலம் ஆகியிருந்தது. வேலை பார்த்த காலம் முழுக்க இருவருக்கும் நடுவில் ஒரு சுவரும் ஒரு ஒலிபெருக்கியும் இருந்தன. அந்த ஒலிபெருக்கியில் வந்த குரலுக்காகத்தான் ஒப்புக்கொண்டேன் என்று டிக்கெட் அம்மாள் எல்லாரிடமும் வெளிப்படையாகச் சொல்வார். ஆளைப் பற்றி அதிகம் சொல்வதில்லை.

பதிவாளர் கேட்டார். "இந்த அம்மாவைக் கல்யாணம் பண்ணிக்க உங்களுக்குச் சம்மதமா?"

"தம்மதம்," என்றார் மணமகன்.

"என்னது?"

"தம்மதம்."

ச என்ற எழுத்தைச் சொல்லக் காற்று முன்பற்களின் இடுக்கில் சீறிக்கொண்டு போக வேண்டும். பல் இல்லாவிட்டால் நாக்கு போக்கிடம் தெரியாமல் ஈறில் போய் ஒட்டிக்கொள்ளும். அப்போது பிறப்பது த. மணமகனின் மேல்வரிசைப் பல்செட்டு போன வாரம்தான் போனது. பால்கனியில் நின்று தும்மினார். செட்டு பறந்து தெருவில் விழுந்தது. அந்த நேரம் பார்த்துத் தண்ணீர் லாரி ஒன்று வந்தது. லாரிக்காரர் நிறுத்தி மன்னிப்புக் கேட்டார். இவர் "பரவாயில்லை" என்றார். அதில் ச இல்லாததால் சிக்கல் வரவில்லை.

பதிவாளர் கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டார். "பெரியவரே, 'சம்மதம்'னு தெளிவாச் சொல்லணும்னு சட்டம். நாளைக்கு யாராவது வந்து, அவர் வேற என்னமோ சொன்னாருன்னா நான் என்ன பதில் சொல்றது? பல்லு கட்டிக்கிட்டு வாங்க. வெள்ளிக்கிழமையோட உங்க மனு காலாவதி. அதுக்கப்புறம் முதல்லேருந்து வரணும், நாலு மாசம் ஆகும்."

வெளியே வந்ததும் டிக்கெட் அம்மாள் கைப்பையை மூடினார். "வெள்ளிக்கிழமை இதே நாற்காலியில உக்காந்திருப்பேன். 'சம்மதம்'னு காதுல விழுந்தா கையெழுத்து. இல்லன்னா என் வீட்டுக்குப் போயிடுவேன். நாலு மாசமெல்லாம் முடியாது. இந்த வயசுல நாலு மாசத்துக்கு யாரு உத்தரவாதம் குடுக்கறது?"

"தரி," என்றார் மணமகன்.

டிக்கெட் அம்மாள் அவரை விட்டுவிட்டு அவருடைய மருமகனைப் பார்த்தார். "பல்லு கட்டறது உங்க வேலைதானே தம்பி?"

"ஆமாங்க."

"அப்புறம் என்ன?"

அவர் கேட்டது நியாயமான கேள்வி. மருமகன் அரசுப் பல் மருத்துவமனையின் அடித்தளத்துப் பட்டறையில் பல்செட்டு செய்பவர். அங்கே அவரைப் பல்லுக்காரர் என்றே கூப்பிடுவார்கள். வெளியில் கொடுத்தால் இரண்டு வாரம் கேட்பார்கள். இவர் உட்கார்ந்தால் இரண்டு நாள்.

அந்த இரண்டு நாளில் என்ன நடக்கும் என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது. வாயில் அளவெடுத்து, அதை வைத்து, தண்ணீர் பட்டால் கல்லாக இறுகும் வெள்ளை மாவில் அச்சு வார்ப்பார்கள். அச்சின்மேல் மெழுகில் ஈறு செய்து பற்களை ஒவ்வொன்றாக நடுவார்கள். பிறகு எல்லாவற்றையும் ஒரு பித்தளைப் பெட்டிக்குள் மாவோடு புதைத்துச் சுடுநீரில் வைத்தால் மெழுகு உருகி ஓடிவிடும். பற்கள் மாவில் நிற்கும். ஈறு இருந்த இடம் காலியாகிவிடும். அந்தக் காலியிடத்தில் இளஞ்சிவப்புப் பசையை அடைத்து இயந்திரத்தில் வைத்தால், அது இறுக்கி அழுத்தி இரவெல்லாம் வேகவைக்கும். காலையில் பல்.

கவனிக்க வேண்டியது பசையை. பொடியும் திரவமும் கலந்தவுடன் ஈர மணல் மாதிரி இருக்கும். சற்று நேரத்தில் தேன் மாதிரி நூல் விடும். பிறகு பிசைந்த மாவு மாதிரி விரலில் ஒட்டாமல் வரும். அதுதான் பதம். பதத்தைத் தவறவிட்டால் ரப்பர் ஆகிவிடும். ரப்பரான பசையைத் தரையில் போட்டால் துள்ளும் என்பதைத் தவிர அதனால் யாருக்கும் பயனில்லை.

இயந்திரத்துக்குக் கணினிப் பூட்டு உண்டு. ஒருமுறை ஒரு நீதிபதியின் பல்லும் ஒரு மேடைப் பாடகரின் பல்லும் இடம் மாறிப்போயின. பாடகர் எப்படியோ சமாளித்துக்கொண்டார். நீதிபதி ஒரு வாரம் சிரித்த முகத்தோடு தண்டனை விதிக்க வேண்டியதாயிற்று. அதற்குப் பிறகு, எந்தப் பெட்டி எந்த நோயாளிக்கு என்று பதிந்து கடவுச்சொல் அடித்தால்தான் இயந்திரம் திறக்கும். திறந்தாலும் சற்று நேரத்தில் தானே பூட்டிக்கொள்ளும். பசை பதத்துக்கு வர அதைவிட நேரம் ஆகும். ஆகவே முதலில் பசையைக் கலந்துவிட்டு, பிறகுதான் கடவுச்சொல் அடிக்க வேண்டும்.

பல்லுக்காரரின் கடவுச்சொல் 'பல்32'.

இது நல்ல கடவுச்சொல் இல்லை. திருடனின் கணினி கண்ணிமைக்கும் நேரத்தில் இலட்சக்கணக்கான சொற்களைப் போட்டுப் பார்த்துவிடும்; பல் மருத்துவமனையில் நுழைகிறவன் பல்லையும் முப்பத்திரண்டையும் எங்கோ போய்த் தேடப்போவதில்லை. ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத நாலு சொல்லை நீளமாகக் கோத்துவிட்டால் அவன் பேரன் காலத்திலும் வேலை முடியாது. இதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. பல்லுக்காரருக்கும் இல்லை. 'நீளமா வைங்க' என்று யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வைத்திருப்பார்.

அப்படி யாரும் சொல்லிவிடாமல் இருப்பதற்காகத்தான் மென்தூண்டல் பிரிவு தொடங்கப்பட்டது.

மென்தூண்டல் என்பது நல்ல கருத்து. ஊழியர்கள் பழம் சாப்பிட வேண்டுமென்றால், பொரித்ததைத் தடை செய்யாமல், கேண்டீனில் பழத்தைக் கண்ணுக்கு நேராகவும் பொரித்ததை மேல்தட்டிலும் வைப்பது. வேண்டியவர் எக்கி எடுத்துக்கொள்ளலாம். கட்டாயமும் இல்லை, ஏமாற்றும் இல்லை. மருத்துவமனை நிர்வாகம் இதைக் கேள்விப்பட்டு மிகவும் விரும்பி, ஒரு இயக்குநரையும், தூண்டல் அறத்தோடு நடக்கிறதா என்று பார்க்க ஒரு அறநெறி அலுவலரையும், இருவரும் பேசுவதை எழுத ஒரு குறிப்பெழுத்தரையும் நியமித்து, மூன்றாம் மாடியில் குளிரூட்டிய அறை கொடுத்தது. அந்த அறையில் முன்பு பற்களைப் படமெடுத்துக்கொண்டிருந்தார்கள்.

செவ்வாய்க்கிழமை மதியம் மாமனாரின் பெட்டி தயாரானது. பல்லுக்காரர் பசையைக் கலந்துவிட்டுக் கணினி முன் உட்கார்ந்து 'பல்32' என்று அடித்தார்.

திரையில் ஒரு நாய்க்குட்டி வந்தது.

இதற்கும் வரலாறு உண்டு. முதலில் வரைந்த நாய்க்குட்டி மழையில் நனைந்து அழுதுகொண்டிருந்தது. கடவுச்சொல் வலுவானால் வீட்டுக்குள் வரும். கண்ணீரைக் காட்டி ஒருவரை வழிக்குக் கொண்டுவருவது அறமாகாது என்றார் அறநெறி அலுவலர். கண்ணீரைத் துடைத்தார்கள். சோகமான முகமும் தூண்டல்தானே என்றார். சோகத்தை எடுத்தார்கள். நாய்க்குட்டி சந்தோஷமாக இருந்தால் பலவீனமான சொல்லுக்குப் பரிசு கொடுத்தது போலாகிவிடும். கடைசியில் எந்த உணர்ச்சியும் இல்லாத ஒரு நாய்க்குட்டி உருவானது. அது பல்லுக்காரரைப் பார்த்த பார்வை, பல் பிடுங்கக் காத்திருப்பவர்கள் சுவரைப் பார்க்கும் பார்வை.

கீழே இரண்டு பொத்தான்கள். ஒன்று பெரிதாகப் பச்சையில்: 'வலுப்படுத்துகிறேன். (நான் பெரிதாகவும் பச்சையாகவும் இருப்பது தற்செயல் அல்ல. உங்களை ஈர்க்கவே இப்படி இருக்கிறேன். இதைத் தெரிந்துகொண்டே அழுத்தவும்.)' மற்றது சாம்பல் நிறத்தில் சிறிதாக: 'இப்படியே இருக்கட்டும். (நான் சிறிதாக இருப்பதால் என்னை இளக்காரமாக நினைக்க வேண்டாம்.)'

பல்லுக்காரர் இரண்டையும் முழுவதும் படித்தார். பசை நூல் விட ஆரம்பித்தது. அவசரத்தில் சாம்பலை அழுத்தினார்.

'உங்கள் தெரிவை மதிக்கிறோம். உங்கள் தகவலுக்காக மட்டும்: உங்கள் பட்டறையில் பணிபுரிபவர்களில் ஐம்பது விழுக்காட்டினர் உங்களைவிட வலுவான கடவுச்சொல் வைத்திருக்கிறார்கள்.'

பக்கத்தில் இருப்பவர் செய்வதைச் சொன்னால் நாமும் செய்வோம் என்பது ஆராய்ந்து கண்ட உண்மை. பட்டறையில் இருப்பது இரண்டு பேர். பல்லுக்காரர் மெதுவாகத் தலையைத் திருப்பி, மாவு குழைத்துக்கொண்டிருந்த அச்சுக்காரரைப் பார்த்தார்.

"என்ன மொறைக்கிற?" என்றார் அச்சுக்காரர்.

"நீ என்னய்யா வெச்சிருக்க?"

"எதை?"

"கடவுச்சொல்லு. என்னோடதைவிட உன்னோடது வலுவாம்."

அச்சுக்காரர் கையைத் துடைத்துக்கொண்டு வந்து திரையைப் படித்தார். இரண்டாம் முறையும் படித்தார். "போட்டிருந்தா சரியாத்தான் இருக்கும்."

"என்னன்னு சொல்லேன், நானும் வெச்சுக்கறேன்."

"சொன்னா வலு போயிடும். இதுகூடத் தெரியலையா? அதான் உனக்கு ஐம்பது எனக்கு ஐம்பதுன்னு பிரிச்சிருக்காங்க."

"ரெண்டு பேரும் ஒரே பள்ளிக்கூடம்தான்யா."

"பள்ளிக்கூடம் ஒண்ணு. பெஞ்சு வேற."

அன்றைக்குப் பிறகு இருவரும் இரண்டு நாள் பேசிக்கொள்ளவில்லை. புகார் மேலே போனபோது அறநெறி அலுவலர் தனியுரிமை பாதிக்கப்பட்டதை ஒப்புக்கொண்டு, அந்த வரியை 'உங்கள் பட்டறையில் ஒருவர், யார் என்று சொல்வதற்கில்லை' என்று மாற்றினார்.

சண்டை முடிந்து பல்லுக்காரர் திரும்பியபோது திரையில் வேறொன்று வந்திருந்தது. 'சிந்தனை அவகாசம். அவசரமில்லை. நிதானமாக யோசியுங்கள். அவகாசம் முடிந்ததும் இந்தத் திரை தானே விலகும்.' யோசிக்காமல் வெளியேறும் வழி எதுவும் அந்தத் திரையில் இல்லை. அவர் யோசித்தார். மாமனாரைப் பற்றி யோசித்தார். நாய்க்குட்டி ஒன்றும் யோசிக்கவில்லை. கிண்ணத்தில் பசை பதத்துக்கு வந்து, பதத்தைக் கடந்து, ரப்பர் ஆனது. எடுத்துத் தரையில் போட்டார். துள்ளியது.

அவகாசம் முடிந்ததும் திரை விலகி ஓர் அழைப்பு வந்தது. பலவீனமான சொல்லைத் தெரிந்தே தேர்ந்ததால், அதைத் தெரிந்தேதான் தேர்ந்தாரா என்று அறிய மூன்றாம் மாடிக்கு வரும்படி.

மூன்றாம் மாடியில் இயக்குநர் எழுந்து நின்று வரவேற்றார். நாற்காலியைக் காட்டி, "உட்காரலாம், அல்லது நிற்கலாம், இரண்டும் சம மதிப்புள்ளவை," என்றார்.

பல்லுக்காரர் உட்கார்ந்தார். குறிப்பெழுத்தர் எழுதிக்கொண்டார்.

"மேடம், எனக்கு ஒரு சண்டையும் இல்ல. எது வேணும்னு நீங்களே சொல்லுங்க, அதையே வெக்கறேன். இப்பவே வெக்கறேன்."

அறநெறி அலுவலர் கண்ணாடியைக் கழற்றினார்.

"சொல்வதா?" என்றார் இயக்குநர். "நண்பரே, சொல்வது கட்டாயப்படுத்துதல். நாங்கள் சுட்டிக்காட்டுவதும் இல்லை. சுட்டிக்காட்டினால் விரல் ஒரு திசையைக் காட்டிவிடும். ஊழியர் தன் சொந்தச் சிந்தனையால், தன் சொந்த வழியில், நாங்கள் முன்கூட்டியே முடிவு செய்த இடத்துக்கு வந்து சேர வேண்டும். அதுதான் சுதந்திரம்."

"அப்ப நான் நீளமா வெச்சா சரிதானே?"

"நாங்கள் தலையசைக்க முடியாது," என்றார் அறநெறி அலுவலர்.

இயக்குநர் பெருமையோடு தொடர்ந்தார். "போன மாதம் எத்தனை கடவுச்சொற்கள் வலுவாயின என்று கேட்கிறார்கள். நாங்கள் எண்ணுவதில்லை. எண்ணுவது கண்காணிப்பு. எவ்வளவு நேரம் யோசித்தார்கள் என்று மட்டுமே பார்க்கிறோம். இந்த மருத்துவமனை வரலாற்றிலேயே ஊழியர்கள் இவ்வளவு நேரம் யோசித்ததில்லை. வெளியே நோயாளிகள் வரிசையைப் பார்த்தாலே தெரியும்."

பல்லுக்காரரின் கண் மேசை மேலிருந்த கணினியில் பட்டது. அது திறந்தே கிடந்தது. "உங்க கணினிக்கு எப்படி மேடம், பெரிய கடவுச்சொல்லா?"

"எங்களுக்குக் கடவுச்சொல்லே கிடையாது. தூண்டுபவரே தூண்டப்பட்டால் நடுநிலை கெட்டுவிடும்."

புதன்கிழமை பல்லுக்காரர் விடியற்காலையே வந்து பசையைக் கலந்தார். புதுக் கடவுச்சொல்லாக 'குடைதிமிங்கலம்ஏணிமௌனம்' என்று அடித்தார். முந்தின இரவு மனைவியும் அவரும் சேர்ந்து யோசித்தது. குடையும் ஏணியும் அவருடையவை, திமிங்கலம் மனைவியுடையது, மௌனம் அவர் கேட்டுக்கொண்டது. பச்சையை அழுத்தினார்.

நாய்க்குட்டி மாறவில்லை. கீழே எழுத்து வந்தது: 'மிக வலுவானது. இது நாங்கள் தூண்டிய தெரிவோடு முழுமையாகப் பொருந்துகிறது. ஆகவே, இது உங்கள் சுதந்திரமான தெரிவுதானா என்ற ஐயம் எழுகிறது. விசாரணை முடியும்வரை தங்கள் கணக்கு அன்போடு நிறுத்தி வைக்கப்படுகிறது.'

பலவீனமாக வைத்தால் பாதுகாப்பு விசாரணை, வலுவாக வைத்தால் சுதந்திர விசாரணை. இரண்டாவது ரப்பர் உருண்டையை அவர் தரையில் போட்டுப் பார்க்கவில்லை. ஜன்னல் விளிம்பில் முதலாவதன் பக்கத்தில் வைத்தார்.

விசாரணை வியாழன் காலை. தெரிவு சுதந்திரமானது என்று சொல்ல, ஊழியரை நெருக்கமாக அறிந்த ஒருவர் சாட்சியாக வர வேண்டும். அலுவலக நண்பராக இருக்கலாம். அச்சுக்காரர் முதுகைக் காட்டிக்கொண்டு மாவு குழைத்துக்கொண்டிருந்தார்.

இரவுச் சாப்பாட்டில் பல்லுக்காரர் விஷயத்தைச் சொன்னார்.

"நானே வர்றேன்," என்றாள் மனைவி. "திமிங்கலம் நான் போட்டதுன்னு சொல்றேன்."

"அதைச் சொன்னா உன்னையும் விசாரிப்பாங்க. நீதான் என்னைத் தூண்டினேன்னு."

"கல்யாணம் ஆன நாள்லேருந்து அதுதானே பண்றேன். இப்பதான் அவங்களுக்குத் தெரியுதா?"

கஞ்சியை உறிஞ்சிக்கொண்டிருந்த மாமனார் கிண்ணத்தைக் கீழே வைத்தார். "ஒரு தொல்லுக்கா மாப்ள இவ்வளவு தொல்லை?"

அவர் சொல்ல நினைத்தது முதலில் சொல், பிறகு தொல்லை. வாயிலிருந்து வந்தபோது இரண்டும் ஒரே குடும்பமாகிவிட்டன. யாரும் திருத்தவில்லை.

"நானே வந்து தாட்தி தொல்றேன். என் பல்லு, என் கல்யாணம். ரயில் தாமதம்னு தினம் ஆயிரம் பேருக்குத் தொன்னவன் நான். மூணு பேருக்குத் தொல்ல முடியாதா?"

"அப்பா, நீங்க சொல்றது அவங்களுக்குப் புரியணுமே."

"புரியாட்டி திரும்பத் தொல்வேன். ரெண்டு தடவை தொல்றதுதான் முறை. அறிவிப்புன்னா அப்படித்தான்."

வியாழன் காலை மூவர் குழு மேசைக்குப் பின்னால் உட்கார்ந்தது. மாமனார் சவரம் செய்து, கோட்டு அணிந்து வந்திருந்தார். அறிவிப்பாளராக இருந்தபோது போட்ட கோட்டு. நிற்கலாமா உட்காரலாமா என்ற சுதந்திரம் அவருக்கும் வழங்கப்பட்டது. நின்றார்.

அறநெறி அலுவலர் தாளைப் பார்த்துக் கேட்டார். "தங்கள் மருமகனின் கடவுச்சொல், எவருடைய தூண்டலும் இன்றி, அவருடைய சொந்த உள்ளத்திலிருந்து வந்தது என்று சான்றளிக்கத் தங்களுக்குச் சம்மதமா?"

"தம்மதம்," என்றார் மாமனார்.

குறிப்பெழுத்தரின் பேனா நின்றது. அவர் மிகக் கவனமானவர். காதில் விழுவதை மட்டுமே எழுதுவார். அதைத் தவிர எதையும் எழுதக் கூடாது என்பது அவருக்கு இட்ட விதி. எழுதியதை மெதுவாக வாசித்தார். "கடவுச்சொல் எங்கிருந்து வந்தது என்ற வினாவுக்குச் சாட்சியின் விடை: தம் மதம்."

"என்ன?" என்றார் இயக்குநர்.

"தம் மதம். தம்முடைய மதம்."

இயக்குநர் நாற்காலியில் நிமிர்ந்தார். "கடவுச்சொல் அவருடைய மதத்திலிருந்து வந்ததா?"

"இல்லிங்க," என்றார் மாமனார். அறிவிப்பாளருக்கு உரிய பொறுமையோடு, அறிவிப்பாளர் முறைப்படி, நிறுத்தி, இரண்டு தடவை சொன்னார். "தம்மதம். தம்மதம்."

"வலியுறுத்துகிறார்," என்று எழுதினார் குறிப்பெழுத்தர்.

அறநெறி அலுவலரின் நெற்றியில் வியர்வை தெரிந்தது. அது குளிரூட்டிய அறை. "நாம் மூன்று நாளாக ஒருவருடைய மத நம்பிக்கையைத் தூண்டிக்கொண்டிருந்தோமா? நாய்க்குட்டியெல்லாம் காட்டினோமே."

"எந்த மதம் என்று கேட்டுவிடலாமா?" என்றார் இயக்குநர் தாழ்ந்த குரலில்.

"கேட்கவே கூடாது. கேட்பதே தூண்டல்."

பல்லுக்காரர் எழுந்தார். "ஐயா, அவர் சொல்றது அது இல்ல. பல்லு இல்லாததால, அவர் 'சம்மதம்'னு..."

"உட்காருங்கள்," என்றார் அறநெறி அலுவலர். அந்தப் பிரிவு தொடங்கிய நாளிலிருந்து அங்கே இடப்பட்ட முதல் கட்டளை அதுதான். "ஒரு பெரியவர் தம் மதத்தைப் பற்றிப் பேசும்போது அதைத் திருத்திச் சொல்ல உங்களுக்கு எந்த உரிமையும் இல்லை."

தீர்மானம் அப்போதே எழுதப்பட்டது. 'தம் மதம்' என்ற அடிப்படையில் எழும் கடவுச்சொற்களுக்கு நாய்க்குட்டி, பொத்தான், ஒப்பீடு, அவகாசம் அனைத்திலிருந்தும் விலக்கு. கண்டவர்களும் இதைச் சொல்லித் தப்பித்துவிடாதிருக்க, முதல் சாட்சியின் குரலே இதற்குத் திறவுகோல். பிரிவின் தொலைபேசி எண்ணை அழைத்து, விலக்கு வேண்டிய கணக்கின் எண்ணை அழுத்தி, சாட்சி தன் வாயால் அந்தச் சொல்லைச் சொன்னால் கணக்கு உடனே திறக்கும். வேறு யார் சொன்னாலும் திறக்காது. குறிப்பெழுத்தர் ஒலிவாங்கியை நீட்டினார். முப்பது வருடம் ஒலிவாங்கி முன் நின்றவர் அதைக் கையில் வாங்கிய விதமே வேறாக இருந்தது. தொண்டையைச் செருமி, தூரத்தை அளந்து, பேசினார்.

பட்டறையில் பல்லுக்காரர் மூன்றாவது முறையாகப் பசையைக் கலந்தார். விரலில் ஒட்டாத பதம் வந்ததும் மாமனார் தொலைபேசியில் "தம்மதம்" என்றார். 'குரல் பொருந்துகிறது. தங்கள் நம்பிக்கையை மதிக்கிறோம்,' என்றது இயந்திரக் குரல். நாய்க்குட்டி ஒரு பக்கமாகத் திரும்பிக்கொண்டது. பூட்டு திறந்தது. அச்சுக்காரர் வந்து, யாரும் கேட்காமலே, பெட்டியின் மறுபக்கத்தைப் பிடித்துத் தூக்கினார்.

"என்னோடது 'மாவு1'," என்றார் அவர், பெட்டியைப் பார்த்துக்கொண்டே.

"அது எப்படிய்யா என்னோடதைவிட வலு?"

"எனக்கும் ஐம்பது சதவீதம்தான் காட்டிச்சு. நீதான் மேலன்னு. நான் உன்கிட்ட சொல்லல."

வெள்ளிக்கிழமை காலை மேல்செட்டு பளபளவென்று மாமனாரின் வாயில் உட்கார்ந்தது. வண்டியில் போகும்போதே அவர் சாலையோரப் பலகைகளில் ச வரும் சொற்களையெல்லாம் சத்தமாக வாசித்துக்கொண்டு வந்தார். சலவை. சாவி. செருப்பு. சிற்றுண்டிச்சாலையைப் பார்த்ததும் வண்டியை நிறுத்தச் சொல்லி இரண்டு தடவை வாசித்தார்.

டிக்கெட் அம்மாள் சொன்னபடி அதே நாற்காலியில் இருந்தார். பதிவாளர்தான் சரியாக இல்லை. தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் கணினித் திரையில் எந்த உணர்ச்சியும் இல்லாமல் ஒரு நாய்க்குட்டி பார்த்துக்கொண்டிருந்தது.

"இது இங்கயும் வந்துடுச்சா?" என்றார் பல்லுக்காரர்.

"நேத்து சாயங்காலம் எல்லா அலுவலகத்துக்கும் போட்டுட்டாங்க. மருத்துவமனையில பெரிய வெற்றியாம்." பதிவாளர் திரையைக் காட்டினார். "நானும் நல்லதா ஒண்ணு வெச்சேன். வலுவா இருக்கு, அதனால சந்தேகமா இருக்குங்குது. திங்கட்கிழமை விசாரணை. இன்னிக்கு ஒரு கல்யாணமும் பதிய முடியாது. மன்னிச்சிடுங்க."

டிக்கெட் அம்மாள் கைப்பையைத் திறந்து மூடினார். எழுந்திருக்கவில்லை, ஆனால் பாதத்தை நாற்காலிக்கு அடியிலிருந்து வெளியே எடுத்துவிட்டார்.

"தொலைபேசியைக் குடுங்க," என்றார் மணமகன்.

எண்ணை அழைத்தார். பதிவாளரின் கணக்கு எண்ணை அழுத்தினார். "தம் மதம்," என்றார், புதுப்பல்லோடு, கணீரென்று.

'குரல் பொருந்தவில்லை,' என்றது தொலைபேசி.

"தம் மதம்."

'குரல் பொருந்தவில்லை. இன்னும் ஒரு வாய்ப்பு உள்ளது. அவசரமில்லை.'

ஏன் பொருந்தவில்லை என்று பல்லுக்காரருக்குத்தான் உடனே தெரிந்தது. குரல் என்பது தொண்டையில் மட்டும் இருப்பதில்லை. கன்னம், ஈறு, நாக்கு போய் முட்டும் இடம் எல்லாம் சேர்ந்துதான் அது. குழு பதிந்து வைத்திருந்தது ஒரு காலி வாயின் காற்று. எண்ணும் குறியீடும் இல்லாத அந்த ஒற்றைச் சொல்லை எந்தத் திருடனாலும் களவாட முடியாது. தன் பல்லைத் தானே கழற்றாதவன் அதைச் சொல்லவே முடியாது. மூன்றாம் மாடிக்காரர்கள் தங்களுக்குத் தெரியாமல் உண்மையிலேயே வலுவான ஒரு கடவுச்சொல்லை உருவாக்கியிருந்தார்கள்.

"மாமா," என்றார் பல்லுக்காரர் தயங்கிக்கொண்டே. "பல்லைக் கழட்டணும்."

மணமகன் டிக்கெட் அம்மாளைப் பார்த்தார். இந்தப் பல்லுக்காகத்தான் இந்த வாரம் முழுவதும் போயிருந்தது. பிறகு திரும்பி நின்று, கைக்குட்டையை விரித்து, செட்டைக் கழற்றி அதில் வைத்து, மருமகன் கையில் கொடுத்தார். தொலைபேசியை வாயருகே கொண்டுவந்து தூரம் அளந்தார்.

"தம்மதம்."

'குரல் பொருந்துகிறது. தங்கள் நம்பிக்கையை மதிக்கிறோம்.'

நாய்க்குட்டி ஒரு பக்கமாகத் திரும்பிக்கொண்டது. பதிவாளர் திரையைத் தொட்டுப் பார்த்தார், உண்மைதானா என்று. உடனே, மறுபடி பூட்டிக்கொள்ளுமோ என்ற பயத்தில், வேகமாகக் கேட்டார். "இந்த அம்மாவைக் கல்யாணம் பண்ணிக்க உங்களுக்குச் சம்மதமா?"

மருமகன் கைக்குட்டையை நீட்டினார். மணமகன் செட்டை எடுத்து வாயில் வைத்துக் கடித்துச் சரிபார்த்தார். அறையில் இருந்தவர்கள் காத்திருந்தார்கள். ரயில் வருவதற்கு முன்னால் நடைமேடையில் விழும் அமைதி அது. அதை அவர் நன்றாக அறிவார்.

"சம்மதம்," என்றார். நிறுத்தினார். "சம்மதம்."

பதிவாளர் தட்டச்சு செய்துகொண்டே டிக்கெட் அம்மாள் பக்கம் திரும்பினார். "உங்களுக்கும்மா?"

டிக்கெட் அம்மாள் கைப்பையைத் தரையில் வைத்தார். அவர் கண் மணமகன் மேலேயே இருந்தது, அந்த ஈரக் கைக்குட்டையின் மேலும்.

"தம்மதம்," என்றார்.